நான்கு நாள் விடுமுறையில் நெடுந்தீவுப் பறவைகள்

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: இரண்டு வருடங்களாகக் கொழும்பை அண்டிய ஈரநிலங்களான தலங்கமவிலும் முத்துராஜவெலவிலும் பறவை பார்த்துப் பழகிவிட்டேன், பெப்ரவரியில் நான்கு நாள் விடுமுறை கிடைக்கிறது, யாழ்ப்பாணக் கடலிலுள்ள நெடுந்தீவுக்குப் போனால் வேறெங்கும் இல்லாத பறவை ஏதும் கிடைக்குமா, எத்தனை இனங்களை எதிர்பார்க்கலாம், அல்லது அந்தப் பணத்தையும் நேரத்தையும் சிங்கராஜவுக்கே செலவிடுவதா என்று. கேள்வி எண்ணிக்கையைப் பற்றியதாக இருந்தாலும், இவ்வளவு தூரம் பயணம் செய்து, கடலையும் கடந்து, ஒரு சிறு நிலத்துண்டில் நின்று பார்ப்பதால் பெருநிலத்தில் கிடைக்காத எது கிடைக்கும் என்பதையே நீங்கள் அறிய விரும்புகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் விலங்கியல் பயின்றவன் அல்லன். முப்பது வருடங்கள் கணக்காய்வுத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்று, தெகிவளையில் குடியிருப்பவன். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1976இல் தொடங்கிய இலங்கைக் களப் பறவையியல் குழுவின் மாதாந்த விரிவுரைகளில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டதும், என்னைவிட நன்றாகக் கண் தெரிந்தவர்களோடு வயலிலும் சேற்றிலும் நடந்ததுமே என் படிப்பு. நெடுந்தீவுக்கு 2011 முதல் பதினொரு தடவை போயிருக்கிறேன். அத்தனையும் ஒக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடைப்பட்ட பயணங்கள். ஆகவே சோளகக் காற்று வீசும் மாதங்களில் அந்தத் தீவு எப்படியிருக்கும் என்பதற்கு நான் சாட்சியல்லன். கீழே எழுதுவதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையை முதலில் தீர்த்துவிடுவோம். தலங்கமவில் ஒரு நல்ல காலைப்பொழுதில் உங்கள் குறிப்பேட்டில் ஏறும் இனங்களின் தொகையை, நெடுந்தீவில் ஒரு முழுநாள் நடந்தாலும் எட்டுவது கடினம். அதற்குக் காரணம் உங்கள் கண்ணோ அதிர்ஷ்டமோ அன்று, தீவின் அளவுதான். நெடுந்தீவின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். முருகைக்கல் படுகையின் மேல் மெல்லிய மண், பனங்கூடல், புல்வெளி, மழைநீர் தேங்கும் ஆழமற்ற குட்டைகள், கடற்கரை என்பவற்றோடு அதன் வாழிடங்கள் முடிந்துவிடுகின்றன. தீவு சிறிதாகவும் பெருநிலத்துக்குத் தொலைவாகவும் ஆக ஆக அங்கே நிலைத்து வாழும் இனங்கள் குறையும் என்பதை 1967இல் மக்ஆதர், வில்சன் என்ற உயிரியலாளர்கள் ஒரு கோட்பாடாகவே வகுத்துவிட்டார்கள். காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றை நீங்கள் அங்கே தேடவேண்டியதில்லை. சிங்கராஜவுக்கு ஒருவர் போவது அடர்ந்த காட்டுக்குள் உலகில் வேறெங்கும் இல்லாத பறவைகளைப் பார்ப்பதற்காக; இந்த நாட்டுக்கே உரிய முப்பதுக்கும் மேற்பட்ட இனங்களில் பெரும்பகுதி ஈரவலயத்தில்தான் இருக்கிறது. அவற்றுள் ஒன்றைப் புதிதாகச் சேர்ப்பதே உங்கள் நோக்கம் என்றால், தயக்கமின்றிச் சிங்கராஜவுக்கே போங்கள்.

நெடுந்தீவுக்கென்று தனியினம் இல்லாததற்கும் தெளிவான காரணம் உண்டு. கடல் நடுவே எரிமலையாக எழுந்தவை போல, நெடுங்காலம் தனித்துக் கிடக்கும் தீவுகளில்தான் வந்து சேர்ந்த பறவை காலப்போக்கில் வேறொன்றாக மாறும். பாக்கு நீரிணையோ மிகவும் ஆழமற்றது. கடைசிப் பனியூழியின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தபோது, இன்று நாம் படகில் கடக்கும் இடம் முழுவதும் தரையாக இருந்தது. நெடுந்தீவு தீவானது, பறவையினங்கள் பிரியும் கால அளவோடு ஒப்பிட்டால், நேற்று நடந்த சங்கதி.

ஆனால் கொழும்பிலிருந்து போகும் ஒருவருக்கு, தீவுக்குள் நுழையும் முன்னரே, வடக்கு என்பதே ஒரு புதுமை. சென்னையில் குப்பைமேடுகளின் மேல் வட்டமிடும் கரும்பருந்தை நீங்கள் கொழும்பில் காண்பது அரிது. யாழ்ப்பாணத்தில் அது அன்றாடப் பறவை. கழுத்தின் பின்புறம் கறுப்புக்கோடு இழுத்த கள்ளிப்புறாவும் அப்படித்தான். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது மரங்கொத்தி. தெகிவளையில் என் வீட்டுத் தென்னையைக் கொத்தும் மரங்கொத்தியின் முதுகு இரத்தச் சிவப்பு. யாழ்ப்பாணத்துப் பனையில் கொத்துவதன் முதுகு பொன்மஞ்சள். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில் இரண்டும் கலந்து செம்மஞ்சள் முதுகோடு பறவைகள் கிடைக்கின்றன. சிவப்பு முதுகைத் தனி இனமாகக் கொள்வதா, பொன்முதுகின் கிளையாகக் கொள்வதா என்பதில் பட்டியல் தயாரிப்பவர்களிடையே நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு காலையை இதற்கு ஒதுக்கினால் வீண்போகாது.

இனித் தீவைப் பற்றி. என் தொழிலில் வருட முடிவில் களஞ்சியங்களுக்குப் போய் இருப்புக் கணக்கெடுப்பது ஒரு கடமை. கதவைப் பூட்டிவிட்டு எண்ணினால்தான் அந்தக் கணக்குச் செல்லும். ஒருபக்கம் எண்ணிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் சரக்கு உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருந்தால் எண்ணியதற்கு அர்த்தமில்லை. தலங்கம வாவியில் ஒரு நாரையை இன்று காணவில்லை என்றால் அது போய்விட்டதா, பக்கத்து வயலில் நிற்கிறதா என்று உங்களால் சொல்லமுடியாது. சிறு தீவோ சுற்றிவரக் கடல் என்ற கதவு பூட்டிய களஞ்சியம். நேற்று மாலை இல்லாத பறவை இன்று காலை நின்றால், பெரும்பாலும் அது இரவில் கடல் கடந்து வந்தது என்று கொள்ளலாம். இரண்டு நாள் நின்றது மூன்றாம் நாள் இல்லையென்றால், புறப்பட்டுவிட்டது என்று எழுதலாம். ‘காணவில்லை’ என்பதை ஒரு செய்தியாகப் பதியும் உரிமை பெருநிலத்தில் நமக்கு அனேகமாகக் கிடைப்பதில்லை. என் அனுபவத்தில் சிறு தீவு கொடுக்கும் பெரிய கொடை அதுதான். இருந்தும் 50 சதுர கிலோமீற்றர் ஒரு மனிதனின் கால்களுக்குப் பெரிதுதான் என்பதால், முழுத்தீவையும் சுற்றும் ஆசையை விட்டு, மூன்று நான்கு கிலோமீற்றர் நீளமான ஒரே பாதையைக் காலையும் மாலையும் திரும்பத் திரும்ப நடக்கும்படியே சொல்வேன்.

ஒரு சம்பவத்தைச் சொன்னால் இது விளங்கும். ஒக்டோபர் மாதப் பயணம் ஒன்றில், முதல்நாள் மாலை நான் தங்கிய வீட்டின் கல்வேலியோரமாக நடந்து, காகம், புலுனி, மைனா, கரிச்சான் என்று வழமையானவற்றை எழுதிவிட்டுப் படுத்தேன். இரவு முழுவதும் வடக்கிலிருந்து காற்று. விடிந்ததும் வேலியின் அடியில், சருகு சேர்ந்த மூலையில், ஓர் ஆறுமணிக் குருவி நின்றது. பச்சை முதுகும் கண்ணைக் கடந்த கறுப்புப் பட்டையும் வாலடியில் செம்மையுமாக, ஒன்பது நிறம் பூசிய அந்தக் குருவி, நான் ஆறடி தூரத்தில் குந்தியபோதும் பறக்கவில்லை. கண்ணை மூடி மூடித் திறந்தது. இறகுகளைச் சிலிர்த்துப் பந்தாகியது. அரைமணி நேரம் சென்றபின்தான் சருகை ஒரு தடவை புரட்டிப் பார்த்தது. வீட்டுக்கார அம்மா, “பாவம் தம்பி, ஒவ்வொரு வருசமும் இந்தக் காத்தோட வரும், சிலது சுவரிலை மோதிச் செத்தும் போகும்” என்று சொல்லிவிட்டு, பூனையைப் பிடித்து உள்ளே அடைத்தார். அடுத்தநாள் அதே மூலையில் அது இல்லை. பாதையெங்கும் தேடியும் இல்லை. கொழும்பிலும் வருடாவருடம் அதே பருவத்தில் ஆறுமணிக் குருவிகள் கண்ணாடி யன்னல்களில் மோதி விழுவதைக் கண்டிருக்கிறேன். ஆனால் அது எந்த இரவில் கரை சேர்ந்தது என்பதை ஒருமுறைகூட உறுதியாக எழுத முடிந்ததில்லை.

இதில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். முதல்நாள் மாலை நான் பார்த்த இடத்தில் அது இல்லை என்பதும், மறுநாள் காலை களைத்து நின்றது என்பதும் கண்டவை. அது கடல் கடந்து வந்தது என்பது நல்ல ஊகம். இந்தியாவில் இனப்பெருக்கம் செய்யும் அந்தக் குருவி குளிர்காலத்துக்கு இங்கே வருவது தெரிந்த விடயம் என்பதால் அதை ஏற்கலாம். அது தமிழ்நாட்டின் கோடியக்கரை முனையிலிருந்துதான் புறப்பட்டது என்று நான் எழுதினால், அது வெறும் ஆசை. அந்தக் கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பல ஆண்டுகள் பறவைகளுக்கு வளையமிட்டார்கள் என்பதும், வடக்கேயிருந்து வரும் பறவைகள் அங்கே திரளும் என்பதும் உண்மை. ஆனால் என் வேலியோரத்துக் குருவியின் காலில் வளையம் இருக்கவில்லை.

இந்தப் பிரிவினையை நான் கற்றது ஒரு தீவுக்காரரிடமிருந்துதான். வடகடலில் ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீற்றர் பரப்புள்ள ஹெலிகோலாண்ட் என்ற பாறைத்தீவுக்கு 1837இல் ஓவியராக வந்த ஹைன்றிக் கெற்க என்பவர், 1897இல் இறக்கும்வரை அங்கேயே இருந்து, அரசாங்கச் செயலாளராக வேலையும் பார்த்துக்கொண்டு, அந்தத் துண்டு நிலத்தில் இறங்கிய பறவைகளை ஏறத்தாழ அறுபது வருடங்கள் எழுதினார். அவர் பதிந்த இனங்கள் ஏறத்தாழ 400. நெடுந்தீவின் ஐம்பதில் ஒரு பங்கு நிலத்தில்! ஒரு சிறு தீவில் நிலையாக வாழ்வன சிலவே என்றாலும், கடந்துபோகும்போது இறங்குவன எத்தனையாக இருக்கலாம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் அதே மனிதர், நீலக்கண்டன் என்ற சின்னக் குருவி எகிப்திலிருந்து தம் தீவுக்கு ஒரே இரவில் பறந்து வருகிறது என்று கணக்குப் போட்டு, எந்தச் சிறு பறவைக்கும் இயலாத ஒரு வேகத்தை அதற்குக் கொடுத்துவிட்டார். இடையில் எங்கும் அது இறங்குவதை எவரும் அவருக்குச் சொல்லவில்லை என்பதே அவர் ஆதாரம். அவர் கண்டு எழுதியவை இன்றும் நிற்கின்றன; கண்டதிலிருந்து தாவியவை விழுந்துவிட்டன. ஸ்கொட்லாந்தின் வடக்கே, ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் நீளமான ஃபெயார் ஐல் (Fair Isle) தீவில் 1948இல் ஜோர்ஜ் வோட்டர்ஸ்டன் நிறுவிய பறவை நோக்கு நிலையம் போன்றவற்றில், அன்று பார்த்தவற்றை இரவில் எல்லோரும் கூடியிருந்து வாசித்துப் பதியும் வழக்கம் உண்டு. பக்கத்தில் இருப்பவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது கை தானாகவே கொஞ்சம் அடங்கி எழுதும். நீங்கள் தனியாகப் போகாமல் இன்னொருவரோடு போங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

பெப்ரவரியில் என்ன எதிர்பார்க்கலாம் என்பது அடுத்தது. ஒக்டோபரில் போல வந்திறங்கும் பறவைகளின் பரபரப்பு அப்போது இருக்காது. வரவேண்டியவை வந்து, தத்தம் இடம் பிடித்து, மார்ச் ஏப்ரலில் வடக்கே திரும்புவதற்காகக் கொழுத்துக்கொண்டிருக்கும் காலம் அது. வாடைக்காற்றோடு பெய்த மழையில் நிறைந்த குட்டைகள் வற்றிச் சுருங்கத் தொடங்கியிருக்கும். நீர் சுருங்கச் சுருங்கப் பறவைகள் நெருங்கி நிற்கும். கரைப்பறவைகளுக்கு அதைவிட நல்ல மாதம் கிடையாது. நம் கடலில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மீற்றரைத் தொடாது என்பதால், வெளிநாட்டு வழிகாட்டிகளில் எழுதியிருப்பதுபோல நீரேற்ற அட்டவணையை மட்டும் நம்பி நேரம் குறிக்காதீர்கள்; காற்று எந்தப் பக்கம் நீரைத் தள்ளுகிறது என்பதைப் பார்த்துச் சேறு எங்கே வெளிக்கும் என்று சொல்லக்கூடியவர்கள் அங்குள்ள கடற்றொழிலாளர்கள். அவர்களிடம் கேளுங்கள்.

பார்ப்பது தீவில் தொடங்குவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் போகும் வழியில் பண்ணைப் பாலத்தின் இருபுறமும், வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடைப்பட்ட தாம்போதியிலும், முழங்காலளவு நீர் பரந்து கிடக்கும். பஸ்ஸில் போனால் யன்னலோர இருக்கையில் இருந்து பார்ப்பதோடு சரி. முச்சக்கரவண்டி பிடித்தால் நிறுத்தி நிறுத்திப் போகலாம். சிறகுவலைக்காக நட்ட தடிகள் ஒவ்வொன்றிலும் ஆலா என்ற கடற்பறவை ஒன்று இருக்கும். சிவப்போ மஞ்சளோ ஆன பெரிய அலகும் காகத்தைவிடப் பெரிய உடலுமாக ஒன்று தனித்துத் தெரிந்தால் அது பெரும்பாலும் காஸ்பியன் ஆலா அல்லது கொண்டை ஆலாவாக இருக்கும். முந்தியதன் அலகு குருதிச் சிவப்பு, பிந்தியதன் அலகு மஞ்சள் என்பதைப் பக்கத்தில் பார்த்தால் மயக்கம் வராது. அதிர்ஷ்டமிருந்தால் தூரத்தில் வெளிறிய இளஞ்சிவப்புக் கோடாகப் பூநாரைகள் நிற்கும். அவை நிற்கும் வருடமும் உண்டு, நில்லாத வருடமும் உண்டு. பூநாரைக்காகவே போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

தீவில் இறங்கியதும் எல்லோரும் குதிரை பார்க்கவும் கோட்டை பார்க்கவும் பெருக்க மரம் பார்க்கவும் ஓடுவார்கள். குதிரைகளை நீங்களும் பாருங்கள். புல்வெளியில் அவற்றின் கால்களுக்கிடையே நடக்கும் உண்ணிக்கொக்குகளுக்காக. குதிரை ஓர் அடி வைத்ததும் புல்லிலிருந்து வெட்டுக்கிளி பாய்கிறது. கொக்கு அதைக் கொத்துகிறது. ஆனால் என் நெஞ்சில் நிற்பது மாவிலித்துறைக்கு அப்பால், கரையொதுங்கிய சாதாளை என்ற கடற்பூண்டுக் குவியல்களில் கண்ட காட்சி. ஐந்து கல்திருப்பி உள்ளான்கள். அவற்றில் ஒன்று அலகைச் சாதாளையின் விளிம்புக்கு அடியில் செருகி, விரித்த பாயைச் சுருட்டுவதுபோல முன்னே தள்ளிச் சுருட்டிக்கொண்டு போனது. பாரம் கூடியதும் நெஞ்சைக் கொடுத்துத் தள்ளியது. அடியில் துள்ளிய சின்னஞ்சிறு ஓட்டுயிர்களைப் பின்னால் நின்ற மற்றொன்று பொறுக்கத் தொடங்க, உழைத்தது திரும்பி, கழுத்தைத் தாழ்த்தி, அதை விரட்டிவிட்டு வந்தது. அந்த உழைப்பாளியின் வலதுகாலில் ஒரு விரல் இல்லை. மறுநாளும் மூன்றாம் நாளும் அதே இருபது மீற்றர் கரையில் அதே விரலில்லாக் கால். வடதுருவக் கரையோரத்தில் முட்டையிட்டுப் பெருகும் ஒரு பறவை, குளிர்காலத்தில் தனக்கென்று இருபது மீற்றர் சாதாளையை வைத்துக்கொண்டிருக்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

நெடுந்தூரத்தைப் பற்றி இன்று நமக்கு ஊகத்தைவிட நல்ல சான்றுகளும் இருக்கின்றன. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் மன்னாரில் பிடித்துச் செய்மதிக் கருவி பொருத்திவிட்ட ஒரு கடற்காகம், ருஷியாவின் வடதுருவக் கரையோரத்துக்குப் போய்க் கோடையைக் கழித்து மறுபடி மன்னாருக்கே திரும்பியது. போகவரப் பயணம் ஏறத்தாழ 19,000 கிலோமீற்றர். குறிகட்டுவான் இறங்குதுறையில் மீன்குடலுக்குச் சண்டை போடும் பறவைகளைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்வேன்.

இனி, பெயர் சொல்வதில் எங்கே கவனம் வேண்டும் என்பது. பெரிய கடற்காகங்களில் முதுகின் சாம்பல் எவ்வளவு கடுமை என்பதை வைத்துத்தான் சில இனங்கள் பிரிகின்றன. நண்பகல் வெயிலில் அந்தச் சாம்பல் எப்படியும் தோன்றும். வளராத பறவைகளைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை. குட்டை அலகுடைய மணல் உப்புக்கொத்திகள் அண்மையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டுவிட்டன. குளிர்கால இறகில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுவதால், பழைய பொதுப்பெயரில் எழுதுவதில் வெட்கமில்லை. இன்னொன்று உங்களுக்கு மகிழ்ச்சி தரும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கரைமணலில் முட்டையிடும் சின்ன உப்புக்கொத்தி, நெடுங்காலம் பரந்த வேறோர் இனத்தின் பிரிவாகவே கருதப்பட்டது. மரபணுவிலும் உடலளவிலும் அது வேறானது என்று 2023இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதிலும் கொழும்புப் பல்கலைக்கழகத்தார் பங்குகொண்டார்கள். அது வாழும் கரைகளுக்கு நடுவே கிடக்கும் இராமர் அணைத் திட்டுகளை நினைத்து, அதற்கு அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெண்மணலில் ஓடி நின்று ஓடும் அந்த உள்ளங்கையளவுப் பறவைக்கு இவ்வளவு பெரிய பெயர்! சோடியாக நின்று, உங்களைக் கண்டதும் சிறகொடிந்ததுபோல நடித்து இழுத்துக்கொண்டு ஓடினால், இங்கேயே குஞ்சு பொரிப்பது என்ற அளவில் உறுதி பெறலாம். குளிர்காலத்தில் தூரத்தில் தனியே நிற்பதைப் பார்த்து இன்னது என்று அடித்துச் சொல்ல நான் துணியமாட்டேன்.

துணிந்து கெட்ட அனுபவமும் எனக்கு உண்டு. மூன்றாவது பயணத்தில், காலை பத்து மணிக்கு, தீவின் தென்புறக் குட்டையொன்றின் மறுகரையில் வெண்மையும் கருமையுமாக நாற்பது பறவைகள் நிற்பதைக் கண்டு, நண்டுதின்னிகள் என்று எழுதிவிட்டேன். மணலில் சுரங்கம் தோண்டி, அதன் ஆழத்தில் வெண்ணிறமாக ஒரேயொரு முட்டையிடும் அந்த விசித்திரமான கரைப்பறவை அரபிக்கடலைச் சூழ்ந்த கரைகளில்தான் முக்கியமாகப் பெருகுகிறது. நம் வடமேற்குக் கரைக்குக் குளிர்காலத்தில் வரும். கொழும்பில் இரண்டு நண்பர்களுக்குக் கைப்பேசியில் செய்தியும் அனுப்பியாயிற்று. பிறகு குட்டையைச் சுற்றி அரைமணி நேரம் நடந்து மறுகரைக்குப் போனால், அவை நெடுங்கால் உள்ளான்கள்! வயிறு வரை நீரில் நின்றதால் சிவப்புக் கால்கள் மறைந்திருந்தன. கானல் அலகைத் தடிப்பாக்கிக் காட்டியிருந்தது. பெல்லன்வில வயலில் நாள்தோறும் நிற்கும் பறவை அது. அன்றிலிருந்து ஒன்பது மணிக்குப் பிறகு இருநூறு மீற்றருக்கு அப்பால் நிற்பதைப் பற்றிப் பென்சிலால்தான் எழுதுகிறேன்.

கருவியைப் பற்றி அதிகம் இல்லை. 8×42 அளவுள்ள இருகண் தொலைநோக்கி போதும். ஒற்றைக்கண் பெருந்தொலைநோக்கியும் முக்காலியும் படகிலும் வெயிலிலும் பாரம். இருவர் போனால் ஒன்றைக் கொண்டுபோகலாம். குடிநீர் கூடவே வேண்டும்.

நடத்தையைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்லவேண்டும். தீவின் ஒரு பகுதி 2015இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதே வருடம் மன்னாருக்கு அப்பாலுள்ள இராமர் அணைத் திட்டுகளும் கடல்சார் தேசிய பூங்காவாயின. ஆலாக்கள் கூட்டமாக முட்டையிடும் அந்தத் திட்டுகளுக்கு வனசீவராசிகள் திணைக்களத்தினதும் கடற்படையினதும் அனுமதியின்றி மீனவர் வள்ளத்தில் கூட்டிப்போகிறேன் என்று எவரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஆள் இறங்கியதும் தாய்ப்பறவைகள் எழும்பிவிடும். மணல் சூட்டில் நிழலின்றிக் கிடக்கும் முட்டை கொஞ்ச நேரத்தில் வெந்துவிடும். நெடுந்தீவிலும் பெப்ரவரிக் கடைசியிலிருந்து, சிப்பி சிதறிய திடல்களில் குறுக்கே நடக்காதீர்கள். ஆட்காட்டி தலைக்குமேல் கத்திச் சுற்றினால், நீங்கள் அதன் முட்டைக்கு அருகில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். கல்லோடு கல்லாகக் கிடக்கும் முட்டையைத் தேடிப் படமெடுக்க முயலாமல், வந்த காலடியிலேயே திரும்புங்கள். ட்ரோன் கொண்டுபோக நினைத்தால் அதையும் கைவிடுங்கள்.

உங்கள் நான்கு நாளை நான் இப்படிப் பிரிப்பேன். முதல் இரவு கொழும்பிலிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ புறப்பட்டு, விடிய யாழ்ப்பாணம் சேர்ந்து, பாலங்களின் ஓரமாக நின்று நின்று போய், அன்றைக்கே படகேறி, ஒரு மணித்தியாலக் கடற்பயணத்தில் தீவை அடையலாம். தீவில் இரண்டு இரவுகள். காலையில் போய் மாலைப் படகில் திரும்புகிறவர்கள் தீவைப் பார்ப்பது வெயில் உச்சியில் நிற்கும் நேரத்தில். பறவைகள் ஓய்ந்திருக்கும் நேரமும் அதுதான். முதல் மாலையில் உங்கள் பாதையைத் தெரிந்தெடுத்து, இருப்பதை எல்லாம், காகம் உட்பட, தொகையோடு எழுதுங்கள். மறுநாள் காலையும் மாலையும் அதே பாதை. மூன்றாம் நாள் காலையில் புதிதாக நிற்பது எது, குறைந்தது எது என்று பாருங்கள். பட்டியலைக் குறிப்பேட்டோடு விட்டுவிடாமல், ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுச் செயலியிலோ களப் பறவையியல் குழுவிடமோ, 1943 முதல் இயங்கும் இலங்கைப் பறவைக் கழகத்திடமோ சேர்ப்பியுங்கள். கழகம் ஆண்டுதோறும் தை மாதத்தை ஒட்டி நீர்ப்பறவைகளை எண்ணுகிறது. தலங்கமவுக்கு எண்ணுவதற்கு ஆள் கிடைக்கும், தூரத்துத் தீவுகளுக்குக் கிடைப்பது சிரமம். உங்களுடைய சாதாரண இருபது இனப் பட்டியலுக்கும் அங்கே இடமுண்டு.

கடைசி நாளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வாடை சட்டென்று கடுத்தால் படகை நிறுத்திவிடுவார்கள். ஒருமுறை நான் இறங்குதுறையில் மூட்டையோடு ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். ஆகவே தீவிலிருந்து திரும்பும் அதே இரவுக்குக் கொழும்புப் பஸ்ஸில் ஆசனம் பதியாதீர்கள். அடுத்த நாள் இரவுக்குப் பதியுங்கள். படகு ஓடினால் மிஞ்சும் பகலுக்கு யாழ்ப்பாணத்தில் பொன்முதுகு மரங்கொத்தி இருக்கிறது.